நம்பகத் தளங்கள் பட்டியல் எங்கே போயிற்று?

சித்தி, காலை 9.10
நாளை நான் எழுதவிருக்கும் இணையவழித் தேர்வுக்கான கையேட்டில், ‘எங்கள் தளத்தை நம்பகத் தளங்கள் பட்டியலில் சேர்த்தால்தான் கேமரா இயங்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். குரோமின் அமைப்புகளை அரை மணி நேரமாகப் புரட்டியும் அப்படி ஒரு பட்டியல் கண்ணில் படவில்லை. தம்பி, உனக்குத் தெரியுமா?

நான், 9.16
குரோமில் அது கிடையாது, சித்தி. அந்தக் கையேடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த உலாவியின் பாதுகாப்பு அமைப்பில் பொது இணையம், அலுவலக உள்வலை, நம்பகத் தளங்கள், தடைசெய்யப்பட்ட தளங்கள் என்று நான்கு மண்டலங்கள் இருந்தன. ஒரு முகவரியை நம்பகத் தளங்களில் சேர்த்துவிட்டால் அந்த மண்டலத்துக்குரிய தளர்வுகள் அனைத்தும் அதற்கு மொத்தமாகக் கிடைத்துவிடும். 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த உலாவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

மாமா, 9.24
அலுவலகக் கணினிகளைக் கவனித்துக்கொண்ட காலத்தில் நான் அந்தப் பட்டியலோடுதான் நாள் முழுவதும் மல்லுக்கட்டினேன். 6ஆம் பதிப்பு வரை அதில் சேர்ந்த தளத்துக்கு இயல்பாகவே ‘குறைந்த’ பாதுகாப்பு நிலைதான். 2006இல் வந்த 7ஆம் பதிப்பில்தான் அது ‘நடுத்தரம்’ ஆயிற்று. பாதுகாப்பான இணைப்பைக் குறிக்கும் எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டு இல்லாத முகவரியை அந்தப் பெட்டி ஏற்காது. ஆனால் கீழேயுள்ள டிக் குறியை எடுத்துவிட்டால் ஏற்றுக்கொள்ளும். வேலை நடந்தால் போதும் என்று நானே பல கணினிகளில் அந்தக் குறியை எடுத்திருக்கிறேன், நட்சத்திரக் குறி போட்டுத் துணைத்தளங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே உள்ளே விட்டிருக்கிறேன். இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

சித்தி, 9.31
நேற்று சோதனைப் பக்கத்தில் கேமரா நன்றாக ஓடியது, அண்ணா. இன்று தேர்வுப் பக்கம் மறுபடியும் அனுமதி கேட்டதால் பயந்துபோய் ‘தடு’ என்பதை அழுத்திவிட்டேன். அதன் பிறகு அது கேட்கவே இல்லை.

நான், 9.40
சித்தி, நீங்கள் அனுப்பிய படங்களில் நேற்றைய முகவரி ‘டெஸ்ட்’ என்றும் இன்றையது ‘எக்ஸாம்’ என்றும் தொடங்குகின்றன. பின்பாதி ஒன்றாகவே இருந்தாலும் கேமரா அனுமதியைப் பொறுத்தவரை உலாவிக்கு அவை இரண்டும் வெவ்வேறு தளங்கள். எச்டிடிபிஎஸ் போன்ற முன்னொட்டு, தளத்தின் முழுப்பெயர், போர்ட் எண் (இணைப்பு நுழையும் வாயிலின் எண்) ஆகிய மூன்றும் அப்படியே பொருந்தினால்தான் பழைய அனுமதி செல்லும். ஆகவே அது திரும்பக் கேட்டது சரியே. இப்போது முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில், முன்பு பூட்டு இருந்த இடத்திலுள்ள சிறு சின்னத்தைத் தொட்டு, கேமராவை மட்டும் ‘அனுமதி’ என்று மாற்றிப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

அக்கா, 9.44
அறிவிப்பு அனுமதி கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள், சித்தி. ஏதோ ஒரு தளத்துக்கு நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டு, ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்ற பொய் எச்சரிக்கையைத் திரையின் மூலையில் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தள அமைப்புகளில் அந்தப் பெயரைத் தேடி நீக்கிய பிறகுதான் நின்றது. தம்பி, பூட்டுச் சின்னத்தை ஏன் எடுத்துவிட்டார்கள்?

நான், 9.52
குரோம் அதை 2023இல் மாற்றியது, அக்கா. இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் பூட்டு எதையும் சொன்னதில்லை. அதற்குத் தேவையான, தளத்தின் பெயரை உலாவிக்கு உறுதிசெய்யும் மின்னணுச் சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களும் அதை வைத்திருந்தன, ஆனால் பார்ப்பவர்கள் தளமே நல்லது என்று எடுத்துக்கொண்டார்கள்.

சித்தி, 10.03
கேமரா வந்துவிட்டது! கையேட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது: ‘சிவப்பு எச்சரிக்கை வந்தால், மேம்பட்டவை என்பதை அழுத்தித் தொடரவும்.’

நான், 10.07
அதை மட்டும் செய்யவே கூடாது, சித்தி. தளத்தின் சான்றிதழ் சரியில்லாதபோது அப்படி எச்சரிக்கை வரும். அப்போது எதிர்முனையில் இருப்பது யார் என்பதை உலாவியால் உறுதிசெய்ய முடியவில்லை என்று பொருள். காலாவதியான சான்றிதழாக இருக்கலாம், இடையில் யாரோ நுழைந்ததாகவும் இருக்கலாம், நம்மால் பிரித்தறிய முடியாது. கடவுச்சொல்லைத் தட்டாமல், தேர்வு நடத்துபவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

மாமா, 10.10
அந்தக் கையேட்டைத் திருத்தச் சொல்லியும் அவர்களுக்கு எழுது, தங்கச்சி. உன்னைப் போல எத்தனை பேர் அதை நம்பி அழுத்துவார்களோ.

சித்தி, 10.26
இப்போதே எழுதி அனுப்பிவிட்டேன், அண்ணா. தேர்வு முடிந்ததும் கேமரா அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுகிறேன்.