ஏ.எச்.பி. + டாப்சிஸ்: ரோபோ தேர்வில் வரிசை மாறுகிறது, உதவி தேவை

வணக்கம். சிஎன்சி மெஷினில் பீஸ் ஏற்றி இறக்க ஆறு அச்சு ரோபோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூக்கும் எடை, எட்டும் தூரம், ரிப்பீட்டபிலிட்டி (அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்போது ஏற்படும் விலகல்), வேகம், விலை ஆகியவைதான் அளவுகோல்கள். அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் ஏ.எச்.பி. முறையில் வெயிட்டேஜ் கண்டு (ஒப்பீடுகள் ஒன்றோடொன்று முரண்படும் அளவைக் காட்டும் முரண் விகிதம் 0.1-க்குள்தான்), மிகச் சிறந்த, மிக மோசமான மதிப்புகளிலிருந்து உள்ள தூரத்தை வைத்து வரிசைப்படுத்தும் டாப்சிஸில் ரோபோக்களை வரிசைப்படுத்தினேன். விலையையும் ரிப்பீட்டபிலிட்டியையும் ‘குறைந்தால் நல்லது’ என்றே கொடுத்திருக்கிறேன்.

ஆனால் கடைசி இடத்து ரோபோவை நீக்கினால் முதல் இரண்டும் இடம் மாறுகின்றன! டாப்சிஸின் பழைய வியாதிதான், தெரியும். என்ட்ரோபி வெயிட்டேஜ் (மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு வெயிட்டேஜ் தரும் முறை) போட்டாலோ, எல்லா ரோபோவுக்கும் ±0.02 மி.மீ.யை ஒட்டியே இருப்பதால் ரிப்பீட்டபிலிட்டிக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. மெஷின் ஓட்டுபவர்கள் சிரிப்பார்கள்.

ஏ.எச்.பி., என்ட்ரோபி இரண்டு வெயிட்டேஜையும் பெருக்கி, கூட்டுத்தொகை 1 வரும்படி நார்மலைஸ் செய்யலாமா? விகோர் என்ற இன்னொரு வரிசைப்படுத்தும் முறையிலும் போட்டு ஒப்பிடுவது மேலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். எக்செல் ஷீட் தருகிறேன்.