ஏப்ரல் 23: ஆங்கிலேயர் தங்கள் தேசிய நாளைக் கொண்டாடுகிறார்களா?

கயல்விழி, லெஸ்டர்:

அனைவருக்கும் வணக்கம். லெஸ்டரில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இப்போது பத்து வயது. "நான் வாழும் நாட்டின் தேசிய நாள்" என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதி வரும்படி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியை கூறியிருக்கிறார். ஏப்ரல் 23 என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நேற்று அந்த நாள் வந்து போயிற்று. பள்ளிக்கூடம் வழக்கம்போல நடந்தது; நானும் வேலைக்குச் சென்றேன்; பேருந்து செல்லும் வழியில் ஒரே ஒரு மதுக்கடையின் வாசலில், வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட சிறு கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். மாலையில் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் மகள் இதைப் பற்றிக் கேட்டபோது, அவர் சற்று யோசித்துவிட்டு, "அட, இன்றைக்குத்தானா அது!" என்றார்.

நான் படித்த தஞ்சை மாவட்டப் பள்ளியில், ஆகஸ்ட் 15 அன்று கொடி அவிழும்போது அதற்குள் முடிந்து வைத்த பூவிதழ்கள் எங்கள் தலையில் உதிர்ந்ததும், கையில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய் வீடு வந்து சேருமுன் கரைந்துபோனதும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அந்த நினைவோடு மகளுக்கு விளக்க முயன்று முடியாமல்தான் இங்கே கேட்கிறேன். இவர்களுக்குத் தேசிய நாள் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் ஏன் விடுமுறை இல்லை? கொண்டாடத் தயங்குகிறார்களா, அல்லது நம் கண்ணில் படாத விதத்தில் கொண்டாடுகிறார்களா?

தேம்ஸ்கரையான்:

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் வாழும் அரசு ஐக்கிய இராச்சியம். அதற்கு விடுதலை நாளோ குடியரசு நாளோ இல்லை. எவரிடமிருந்தும் விடுதலை பெறாத, ஒரே நாளில் தோன்றாத அரசுக்கு அப்படிப்பட்ட நாள் அமைவதற்கு வழியும் இல்லை. அந்த அரசில் அடங்கிய நான்கு நாடுகளில் அவள் வாழும் நாடு இங்கிலாந்து. அதன் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள்தான் ஏப்ரல் 23. ஆகவே இது பிறப்பிலேயே தேவாலயத்தின் நாள். அரசு உருவாக்கிய நாளன்று.

அந்த ஜார்ஜ் ஆங்கிலேயரும் அல்லர். இன்றைய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, ரோமானியப் படையில் பணியாற்றி, டயோக்ளிசியன் பேரரசனின் காலத்தில், 303ஆம் ஆண்டு வாக்கில், பாலத்தீனத்து லிட்டாவில் தம் சமய நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர் என்பது மரபு வரலாறு. அவர் இங்கிலாந்து மண்ணை மிதித்ததே இல்லை. டிராகன் என்னும் வேதாளப் பாம்பை அவர் கொன்ற கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. மூன்றாம் எட்வர்டு மன்னர் 1348 வாக்கில் கார்ட்டர் என்னும் வீரர் அமைப்பை நிறுவி இவரை அதன் காவலராக்கினார். 1415இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயர் வென்ற பிறகு இந்நாள் பெருந்திருநாளாக உயர்த்தப்பட்டது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை என்று நாம் சொல்வதும் இவர் பெயரைத்தான்.

பிறகு ஏன் மங்கியது? 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தன என்பதையே நான் முதற்காரணமாகக் கருதுகிறேன். அளவில் பெரிய பங்காளியான இங்கிலாந்து, பிரிட்டன் என்ற பெயருக்குள் தன்னைக் கரைத்துக்கொண்டது. சிறியவர்களுக்குத் தங்களைத் தனித்துக் காட்டிக்கொள்ள ஒரு நாள் தேவைப்பட்டது. பெரியவருக்கு அந்தத் தேவை எழவில்லை. விடுமுறைகளிலும் இது தெரிகிறது. வட அயர்லாந்தில் புனித பேட்ரிக் நாள் 1903 முதல் வங்கி விடுமுறை, அதாவது பொது விடுமுறை; ஸ்காட்லாந்தில் புனித ஆண்ட்ரூ நாளுக்கு 2007இல் சட்டம் இயற்றினார்கள். இங்கிலாந்தின் எட்டு வங்கி விடுமுறைகளில் ஏப்ரல் 23 இல்லை. 2017 தேர்தலில் நான்கு நாடுகளின் புனிதர் நாள்களையும் விடுமுறையாக்குவோம் என்று தொழிற்கட்சி வாக்குறுதி தந்தது. அக்கட்சி அந்தத் தேர்தலில் வெல்லவில்லை.

விடுமுறை இல்லாததை வைத்து மட்டும் அன்பை அளக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டின் புனிதர் நாளான மார்ச் 1ஆம் நாளுக்கும் விடுமுறை கிடையாது. ஆனாலும் அங்கே குழந்தைகள் மஞ்சள் டாஃபடில் மலர் அணிந்து பள்ளிக்கு வருகிறார்கள்.

ஈவ்ஷாம் அம்மா:

கயல்விழி, லெஸ்டர் நகரின் கடைத்தெருவில் தேடினால் இந்த நாள் கிடைக்காது. ஈவ்ஷாமுக்கு அருகே ஒரு சிற்றூரில் பதினாறு ஆண்டுகளாக வாழ்கிறேன். என் இரண்டு மகன்களும் சாரணர் இயக்கத்தில் இருந்தார்கள். புனித ஜார்ஜ் சாரணர்களுக்கும் காவலர் என்பதால், ஏப்ரல் 23ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் அணிவகுத்துத் தேவாலயத்துக்குச் சென்று தங்கள் உறுதிமொழியைப் புதுப்பிப்பார்கள்.

என் சின்னவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, சாரணரில் சிறுவர் பிரிவான குருளையரின் கொடியைத் தூக்கும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. கொடிக்கம்பின் அடிமுனையைத் தாங்குவதற்குத் தோளிலிருந்து தொங்கும் தோல்வாரில் ஒரு குழிவு இருக்கும். வார் அவனுக்கு நீளமாக இருந்ததால் அது முழங்காலருகே தொங்கிற்று. தாத்தா வயதுடைய ஒருவர், தம் கோட்டில் குத்தியிருந்த சிவப்பு ரோஜா நசுங்காதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவன் முன்னால் மண்டியிட்டு, வாரை இரண்டாக முடிந்து உயர்த்திக் கட்டிவிட்டார். தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் சிவப்புச் சிலுவைக் கொடி பறந்துகொண்டிருந்தது. வழியில் நின்று பார்த்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த நாற்பது பேரும் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கைதட்டினார்கள். நான் அன்றைக்குத்தான் இவர்களுடைய தேசிய நாளைப் பார்த்தேன் என்று சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் இந்த நாளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஆஸ்பராகஸ் தண்டின் பருவம் மரபுப்படி ஏப்ரல் 23இல் தொடங்கி ஜூன் பிற்பகுதியில் முடியும். ஈவ்ஷாம் அதற்குப் பெயர்பெற்ற ஊர். நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கிழங்கு இந்தத் தண்டுக்கு உறவுதான். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குச் செல்லலாம். அவருக்கு 1564 ஏப்ரல் 26 அன்று திருமுழுக்கு நடந்தது. 1616 ஏப்ரல் 23 அன்று அவர் மறைந்தார். பிறந்த நாளையும் 23 என்றே வழக்கமாகக் கொள்வதால், அதை ஒட்டிய வார இறுதியில் ஊரே திரண்டு ஊர்வலமாகச் சென்று அவர் கல்லறையில் பூ வைக்கிறது. புனிதரின் நாளும் கவிஞரின் நாளும் இப்படி ஒன்றாக அமைந்தது இவர்களுக்கு வாய்த்த பேறு. என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்குக் கவிஞரின் பெயரால் இதை அறிமுகப்படுத்துவதே நல்லது.

வன்னிமகன், ஈஸ்ட் ஹாம்:

தேம்ஸ்கரையான் ஐயா சொன்ன 1707 சரிதான். ஆனால் "தயங்குகிறார்களா" என்று தங்கை கேட்டதற்கு அது முழு விடை ஆகாது. நான் 1985இல் இலண்டனுக்கு வந்தவன். அந்தக் காலத்தில் பிரிட்டன் முழுவதற்கும் உரிய ஒன்றியக் கொடியைத் (யூனியன் ஜாக்) தூக்கிக்கொண்டு இனவெறிக் குழுக்கள் ஊர்வலம் போகும். கொடியைக் கண்டால் வேறு தெருவால் சுற்றி வீட்டுக்குப் போவோம். பின்னாளில் இங்கிலாந்துக்கு மட்டும் உரிய சிவப்புச் சிலுவைக் கொடியையும் அப்படிப்பட்டவர்கள் கையில் எடுத்தார்கள். ஆகவே, நல்ல மனமுள்ள ஆங்கிலேயர் பலருக்கு, தம் வீட்டு வாசலில் அந்தக் கொடியைக் கட்டினால் அயலவர் தம்மைத் தப்பாக எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்தில் எங்களைப் போன்றவர்கள் மீது கொண்ட மரியாதையும் இருந்தது என்பதை நான் அறிவேன்.

மாற்றம் கால்பந்தாட்டத்தால் வந்தது. 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் பழைய படங்களைப் பாருங்கள். வெம்பிளி அரங்கில் இங்கிலாந்து இரசிகர்கள் அசைப்பது பெரும்பாலும் ஒன்றியக் கொடியைத்தான். 1996இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி இங்கிலாந்தில் நடந்தபோது, அதே வெம்பிளியில் ஸ்காட்லாந்தை எதிர்த்து ஆட வேண்டி வந்தது. ஒன்றியக் கொடியில் ஸ்காட்லாந்தின் சிலுவையும் இருக்கிறதே, அதை எப்படி அவர்களுக்கு எதிராக அசைப்பது? அந்தக் கோடையில் அரங்கு முழுவதும் சிவப்புச் சிலுவையாக மாறியது. அதன் பிறகு வந்த போட்டிகளில் கார்களிலும் சன்னல்களிலும் அது பறந்தது; எங்கள் தெருவில் தமிழர், வங்காளிகள், பஞ்சாபிகள் வீட்டுப் பிள்ளைகளும் கன்னத்தில் அதை வரைந்துகொண்டு ஓடினார்கள். என் மகனும் ஓடினான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது.

இந்தப் பிணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2025 கோடையில் பல ஊர்களில் மின்கம்பங்களில் இக்கொடிகளைக் கட்டியபோது, நாட்டுப்பற்று என்று சிலரும், எங்களை மிரட்டுவதற்கு என்று வேறு சிலரும் சொன்னார்கள். இரண்டு எண்ணத்தோடு கட்டியவர்களும் இருந்தார்கள் என்பதே என் கணிப்பு. கொடியை ஒதுக்கி வைத்தால் அது மிரட்டுபவர்களின் கையிலேயே தங்கிவிடும். தங்கை, உங்கள் மகள் தன் கட்டுரைக்கு மேலே அந்தக் கொடியை வரையட்டும். அது அவளுடைய கொடியும்தான்.

கயல்விழி, லெஸ்டர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். குருளையர் கொடியின் வார் நீளமாக இருந்த இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கொடியை வரைந்துவிட்டாள், வேதாளப் பாம்பையும் வரைய வேண்டுமாம். இன்னொரு கேள்வியும் கேட்கிறாள்: ஈஸ்டர் நாள் ஆண்டுதோறும் மாறுகிறதே, அதுவும் இதுவும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வார்கள்?

தேம்ஸ்கரையான்:

நல்ல கேள்வி. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலோ ஈஸ்டரை அடுத்த வாரத்திலோ ஏப்ரல் 23 வந்தால், இங்கிலாந்துத் திருச்சபை திருநாளைத் தள்ளிவைத்து, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறும் கழிந்து வரும் திங்களன்று கொண்டாடும். 2011இல் ஈஸ்டர் ஏப்ரல் 24 அன்று வந்ததால், புனித ஜார்ஜ் நாள் மே 2 அன்று கொண்டாடப்பட்டது. மதுக்கடைகளும் நகரமன்றங்களும் பொதுவாக 23ஐ மாற்றுவதில்லை.

வேதாளப் பாம்புக்கு ஓர் இடம் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அஃபிங்டன் என்ற ஊருக்கு அருகே, பழங்காலத்தில் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய வெள்ளைக் குதிரை உருவத்துக்குக் கீழே, உச்சி தட்டையான ஒரு குன்று இருக்கிறது. புனித ஜார்ஜ் அந்தப் பாம்பைக் கொன்றது அங்கேதான் என்றும், அதன் இரத்தம் சிந்திய இடத்தில் புல் முளைப்பதில்லை என்றும் அப்பகுதி மக்கள் சொல்வார்கள். உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு இன்றும் தெரியும். ஏறுவதற்குப் பத்து நிமிடம் போதும்; காற்று பலமாக வீசும் என்பதால் குழந்தைக்கு ஒரு தொப்பி எடுத்துச் செல்லுங்கள்.