மலைக் கல்லூரிகளில் சமவாய்ப்புப் பணி: இன்னும் உறுத்துற ஒரு சம்பவம் எழுதுங்க

கூடலூர்க்காரன்:
ஊட்டிப் பக்கம், அட்மிஷன் நாள். பந்தலூர்ப் பணியர் பொண்ணு நீட்டினது அப்பா பேர்ல தாசில்தார் கொடுத்த பழைய எஸ்.டி. சான்று. இப்போ கோட்டாட்சியர் தரணும், அதுவும் அவ பேர்ல. "செல்லாதும்மா"ன்னு திருப்பிட்டாங்க. பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சு, மழை படாம ரெண்டா மடிச்சுக்கிட்டுப் போயிட்டா. கோட்டாட்சியர் விசாரணையில அந்தத் தாள்தான் முக்கிய ஆதாரம். கவுன்டர்ல ஒருத்தரும் அதைச் சொல்லலை.

குன்னூர் ஆபீஸ்:
சான்று கிடைச்சாலும் பணம் வரணுமே. உதவித்தொகை நிக்கிறது பெரும்பாலும் பேங்க்லதான். பாஸ்புக்ல ஆதார் ஏத்துறது வேற, என்.பி.சி.ஐ. மேப்பிங் (ஆதாருக்கு வர்ற அரசுப் பணம் எந்த பேங்க்குக்குப் போகணும்னு இணைக்கிறது) வேற. ரெண்டு கணக்கு இருந்தா, கடைசியா மேப் பண்ணின கணக்குக்குத்தான் பணம் போகும். ஒரு மாணவி மாசக்கணக்கா வரலைன்னு நின்னா. பணம் முழுக்க அவளே மறந்துபோன பழைய ஜீரோ பேலன்ஸ் கணக்குல கிடந்தது. ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிடும், திரும்ப கே.ஒய்.சி. கொடுக்கணும். அதனால அட்மிஷன் அன்னைக்கே மைஆதார் தளத்துல 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' திறந்து, காட்டுற பேங்க் பேரை விண்ணப்பத்து மேலேயே பென்சில்ல குறிச்சு வைங்க. ஆதார்ல போன் நம்பர் இல்லைன்னா ஓ.டி.பி. வராது, முதல்ல அதைச் சரி பண்ணணும்.

இனச்சுழற்சி:
மாணவர் பக்கமே பேசுறீங்க. வேலைக்கு எடுக்குற இடத்தைப் பாருங்க. இடஒதுக்கீட்டு வரிசைப்படி பணியிடத்தை நிரப்புற தமிழ்நாட்டு இனச்சுழற்சிப் பட்டியல்ல, 200 புள்ளியில எஸ்.டி.க்கு 2. ஒவ்வொரு துறையையும் தனி அலகா வச்சு எண்ணினா, 4 பணியிடம் உள்ள துறையில அந்தப் புள்ளி எப்போ வரும்? மத்தியக் கல்வி நிறுவனங்கள்ல ஆசிரியர் பணியிடங்களுக்கு 2019 சட்டம் முழு நிறுவனத்தையும் ஒரே அலகாக்குச்சு. ஒரு பதிவேட்டுல எஸ்.டி. புள்ளிக்கு நேரா பென்சில்ல 'அடுத்த முறை'ன்னு எழுதியிருந்தது. பென்சில்ல!

கொடை மழை:
பதிவேட்டை விடுங்க, வாசப்படிக்கு வாங்க. 6 அங்குலப் படி 5. மொத்தம் 30 அங்குல உயரம். 1:12 சரிவுன்னா, அதாவது 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்னா, 30 அடி நீளம் வேணும். இடமில்லைன்னு 10 அடியில ராம்ப் போட்டு, வழவழன்னு பூசியும் விட்டாங்க. ஜூலையில பாசி. அதை மறைக்க மேல சாக்குப்பை விரிச்சாங்க. சக்கர நாற்காலி முன்சக்கரம் சாக்குல சிக்கி, பையன் கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கினான். நடுவுல சமதளம் விட்டு மடக்கிக் கட்டியிருந்தா, நேரா 30 அடி இடம் தேவைப்பட்டிருக்காது. மேல்பூச்சைத் துடைப்பத்தால கீறி விடணும்.

கூடலூர்க்காரன்:
@குன்னூர் ஆபீஸ், அட்மிஷன் அன்னைக்கு லேட்டு. பிளஸ் டூ படிக்கும்போதே பள்ளியில பாருங்க, சான்றும் சேர்த்து.