அமெரிக்கப் பள்ளியில் மதியச் சாப்பாடு: படிவத்தை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்

பிள்ளைகளோடு புதிதாக அமெரிக்கா வந்து இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் சேர்க்கும்போது கட்டுக் கட்டாகத் தாள் கொடுப்பார்கள். தடுப்பூசித் தாள், பேருந்துத் தாள் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டை இலவசமாகவோ சலுகை விலையிலோ பெறுவதற்கான படிவத்தை மட்டும் 'இது நமக்கில்லை' என்று நம்மவர்கள் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் வைத்தோம். கணவர் டெக்சாஸில் ஆய்வு மாணவர், எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, இரண்டு பிள்ளைகள். உதவித்தொகை ஒன்றுதான் வருமானம். அரசு உதவி வாங்கினால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, நான்கு மாதம் முழு விலை கொடுத்தோம். மாதம் நூறு டாலருக்கு மேல் போனது. அந்த வருமானத்தில் அது பெரிய பணம். டிசம்பரில்தான் விண்ணப்பித்தோம், சில நாளிலேயே ஒப்புதல் கடிதம் வந்தது. அதற்கு முன் கட்டியது போனது போனதுதான்.

அதனால் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கத் தகுதியுள்ள பிள்ளைக்கு, குடியுரிமையையோ விசாவையோ காரணம் காட்டிப் பள்ளிச் சாப்பாட்டுச் சலுகையை மறுக்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. படிவத்தில் விசா பற்றிய கேள்வியே கிடையாது. வீட்டுப் பெரியவர் ஒருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி 4 இலக்கம் கேட்பார்கள். எண் இல்லையென்றால் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டால் போதும். கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது, மனசு கேட்கவில்லை என்றால் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

நம் ஊர்ச் சத்துணவில் தட்டோடு போய் உட்கார்ந்தால் சோறு விழும், அப்பா சம்பளம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. இங்கே 1946-இல் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ் நடக்கும் திட்டத்தில் வருமானம் பார்த்து மூன்று படி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் விவசாயத் துறை, பரிமாறப்படும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பள்ளிக்குப் பணம் தருகிறது. ஏழ்மைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானம் என்றால் இலவசம். 185 சதவீதம் வரை என்றால் சலுகை விலை, அதிகபட்சம் 40 சென்ட். அதற்கு மேல் முழு விலை. அதிலும் அரசின் பங்கு கொஞ்சம் உண்டு. 2025–26 கல்வியாண்டில் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கு இலவச வரம்பு ஆண்டுக்கு 41,795 டாலர், சலுகை வரம்பு 59,478 டாலர். வரி பிடிப்பதற்கு முன்னால் உள்ள சம்பளத்தைத்தான் எழுத வேண்டும், கைக்கு வருவதை அல்ல. ஆள் கணக்கில் கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹெச்1பி என்ற வேலை விசாவில், அந்தச் சம்பளத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். மாணவர் குடும்பங்களும் ஆராய்ச்சிப் பணிக்கு வந்தவர்களும்தான் கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வருடத்தின் நடுவில் வேலை போனாலும் அன்றைக்கே விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி என்று ஒன்று இல்லை. வீட்டுக்கு ஒரே படிவம் போதும், காலைச் சாப்பாடு கொடுக்கும் பள்ளியில் அதற்கும் இதுவே செல்லும். ஆனால் ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய ஒப்புதல் புது ஆண்டின் முதல் 30 பள்ளி நாட்கள் வரைதான் ஓடும்.

கலிபோர்னியா, மெய்ன், மினசோட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, மிச்சிகன், மாசசூசெட்ஸ், வெர்மான்ட் மாநிலங்களில் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். 2025-இல் நியூயார்க்கும் சேர்ந்துகொண்டது. மற்ற மாநிலங்களிலும் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள சில பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறார்கள். அங்கேயும் வருமானப் படிவம் ஏதாவது கேட்டால் தட்டாமல் நிரப்பிக் கொடுங்கள், பள்ளிக்கு வரும் வேறு நிதி அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகிறது. பெரிய பிள்ளைகளுக்கு, கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வின் கட்டண விலக்கும் இந்தத் தகுதியின் பேரில் கிடைக்கும்.

பிள்ளைக்கு அவமானமாக இருக்குமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இலவசத்துக்குத் தனி வரிசை, தனி அட்டை எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பொத்தான் பலகையில் பள்ளி தந்த தங்கள் எண்ணை அமுக்கிவிட்டுத்தான் போவார்கள். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. முதல் நாள் எண் மறந்துபோய், பின்னால் வரிசை நிற்க, தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அன்று இரவு பழைய போனில் அந்த எண்ணை இருபது முறை அமுக்கவைத்தேன். பால் அட்டைப் பெட்டியைப் பிரிக்கவும் கடையில் ஒன்று வாங்கிவந்து பழக்கினேன். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் வரிசையில் நின்று சாப்பிட்டு முடிக்க வேண்டும். பெட்டி பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அப்புறம் சாப்பாடு. சைவ உணவு தந்தே ஆக வேண்டும் என்று எந்த மத்தியச் சட்டமும் இல்லை. ஒவ்வாமைக்கு மருத்துவர் கடிதம் கொடுத்தால் பள்ளி மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும். மதமோ பழக்கமோ காரணம் என்றால் அது பள்ளியின் விருப்பம். மாத மெனு பள்ளி இணையதளத்தில் இருக்கும், ஞாயிறு இரவு பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பர்கர், டாகோ, மீட்பால் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. பீட்சா மேல் வட்ட வட்டமாக வைக்கும் பெப்பரோனி பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. 'சீஸ் பீட்சா', 'பீன் பர்ரிட்டோ' என்று பெயர் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள்.

பழம், காய்கறி, தானியம், புரதம், பால் என்று ஐந்து வகை வைப்பார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அதில் மூன்றை எடுத்தால் போதும், ஒன்று பழமோ காயோ ஆக இருக்க வேண்டும். மாமிசம் பிடிக்காத பிள்ளை ஆப்பிள், பன், பால் எடுத்தாலும் அது முழுச் சாப்பாடாகவே கணக்காகும். பக்கத்தில் இருக்கும் சிப்ஸ், குக்கி தனிக் காசு. இலவசம் என்று கடிதம் வந்த வீட்டுக்கும் அந்தக் காசு கணக்கில் ஏறும், இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வருமானப் பகுதியை நிரப்பும்போது எங்கேயாவது தடுமாறினால் இதன் கீழேயே கேளுங்கள். தொகை சொல்ல வேண்டாம், எந்த வரி என்று மட்டும் சொன்னால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.