டிரம்ஸ் இருந்தால் அது சேம்பர் இசையா? யூனிவேர் ஜீரோவை முன்வைத்து ஒரு தகராறு

பழையதட்டு:
செல்லோபித்தன் நேற்று எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவ்வரி இது: "யூனிவேர் ஜீரோ என்பது தவறிப்போய் ராக் உலகில் பிறந்துவிட்ட ஒரு சேம்பர் இசைக்குழு, புரோக்ரசிவ் ராக் கேட்டுப் பழகியவர்கள் செவ்வியல் சேம்பர் இசைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது." வாசல் ஒரு பக்கம் இருக்கட்டும். சேம்பர் இசை என்றால் பொதுவாக, நடத்துநர் இல்லாமல் ஒரு சிலர் மட்டும் ஆளுக்கொரு பகுதியாக வாசிக்கும் செவ்வியல் இசை; புரோக்ரசிவ் ராக் என்பது செவ்வியல் இசையின் நீண்ட, சிக்கலான வடிவங்களை எடுத்துக்கொண்ட ராக். 1974இல் பெல்ஜியத்தில் அந்தக் குழு உருவானபோதிருந்து அதன் மையமாக இருந்தவர் டேனியல் டெனி. அவர் வாசிப்பது டிரம்ஸ். குழுவின் இசையில் பெரும்பகுதியை எழுதியவரும் அவரே. டிரம்ஸ் வாசிப்பவரின் தலைமையில், டிரம்ஸ் வாசிப்பவர் எழுதிய இசையை, டிரம்ஸோடு வாசிக்கும் ஒரு குழுவைச் சேம்பர் இசைக்குழு என்று எழுதுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அல்லது கேட்பவரின் ஒலிபெருக்கிகளில் ஒன்று பழுதாகியிருக்க வேண்டும். டிரம்ஸ் உள்ளே வந்தால் சேம்பர் வெளியே போய்விடும். இதில் விவாதிப்பதற்கு ஒன்றுமில்லை.

செல்லோபித்தன்:
விவாதிப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விவாதத்தைத் தொடங்கிவைத்திருக்கும் பெரியவருக்கு வணக்கம். 1979இல் வெளிவந்த 'எரெஸி' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றே மூன்று படைப்புகள். முதலாவதான 'லா ஃபோ' மட்டும் ஏறக்குறைய 25 நிமிடங்கள் நீண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. மிஷெல் பெர்க்மன்ஸ், இரட்டை நாணல் வைத்து ஊதும் குழல்களான பசூனும் ஓபோவும் வாசிக்கிறார். பாத்ரிக் ஹனாப்பியே வயலினும் அதைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும் வாசிக்கிறார். ரோஜே ட்ரிகோவின் ஹார்மோனியம் அடியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. அந்தத் தொடக்கப் பகுதியில் ராக் இசைக்குரிய துடிப்பான தாளத்தைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது. கர்ஜிக்கும் கிதாருக்குப் பதிலாகப் பசூன் முனகும் ஓர் இசையைக் கேட்டபிறகும் ஒருவருக்கு டிரம்ஸ் மட்டுமே நினைவில் நிற்கிறது என்றால், அவருடைய ஒலிபெருக்கியைப் பற்றித்தான் நானும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

பழையதட்டு:
கருவிகளின் பட்டியலை அழகாகப் படித்துக்காட்டினீர்கள். அதே தட்டின் உறையில் டெனியின் பெயருக்கு எதிரே என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டீர்கள். தாளக்கருவிகள் என்று இருக்கிறது, ஐயா. பசூன் முனகுவதால் மட்டும் ஓர் இசை சேம்பர் ஆகிவிடாது.

ஏழரைமாத்திரை:
பழையதட்டு அவர்களின் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியையும் வெளியே அனுப்பவேண்டியிருக்கும். 1918இல் அவர் எழுதிய 'போர்வீரனின் கதை' ஏழே ஏழு இசைக்கலைஞர்களுக்கானது: வயலின், டபுள் பேஸ், கிளாரினெட், பசூன், கார்னெட், டிராம்போன், ஏழாவதாகத் தாளக்கருவிகள். அந்த ஏழாமவர் பல பறைகளைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு ஒருவராகவே வாசிக்கிறார். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அது டிரம் செட்டின் நெருங்கிய உறவினர். அது போதாதென்றால், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1937இல் எழுதிய, இரண்டு பியானோக்களுக்கும் தாளக்கருவிகளுக்குமான சொனாட்டா இருக்கிறது. டிம்பனி, சைலஃபோன், பெரிய பறை, பக்கப்பறைகள், சிம்பல்கள், எல்லாம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் சேம்பர் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பேசியதாக நான் அறியேன்.

பழையதட்டு:
ஸ்ட்ராவின்ஸ்கி வருவார் என்று எதிர்பார்த்தேன். பார்டோக்கையும் துணைக்கு அழைத்து வந்துவிட்டார். 'போர்வீரனின் கதை' லொசானில் முதன்முதலாக அரங்கேறியபோது அதை நடத்தியவர் எர்னெஸ்ட் அன்செர்மே. கோலை உயர்த்தி நடத்த ஒருவர் தேவைப்படும் இசையைச் சேம்பருக்குச் சான்றாகக் கொண்டுவரும் உங்கள் தைரியத்தைப் பாராட்டுகிறேன். பார்டோக்கின் சொனாட்டாவில் இருப்பவை தாளக்கருவிகள்; டிரம்ஸ் அல்ல. நான் பேசிக்கொண்டிருப்பது டிரம்ஸைப் பற்றி. மேலும், மெலட்ரான் என்ற பழைய விசைப்பலகைக் கருவி குறித்த பழைய விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு ஏழரைமாத்திரை அவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

ஏழரைமாத்திரை:
சற்று முன்புதான் டெனியின் பெயருக்கு எதிரே 'தாளக்கருவிகள்' என்று இருப்பதை வெற்றிச்சான்றாக நீட்டினீர்கள். பார்டோக்கிடம் வந்ததும் தாளக்கருவிகள் டிரம்ஸ் அல்ல என்கிறீர்கள். உங்களுடைய அளவுகோல் ஆளுக்கு ஏற்ப நீளுகிறது.

புதுச்செவி:
ஒரு சிறு வேண்டுகோள். சேம்பர் இசை என்று இங்கே நீங்கள் ஒவ்வொருவரும் எதைக் கருதுகிறீர்கள் என்பதை முதலில் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். வாசிப்பவர்களின் எண்ணிக்கையா, கருவிகளின் வகையா, எழுதப்படும் முறையா? யூனிவேர் ஜீரோவை எந்தத் தட்டிலிருந்து தொடங்கலாம் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

இரட்டைநாணல்:
பசூன் வாசிப்பவன் என்ற முறையில், இங்கே யாரும் தொடாத ஓர் இடத்தைத் தொடுகிறேன். பசூனின் ஒலி அதன் மேல் முனையிலிருந்து மட்டும் வெளிவருவதில்லை. வாசிக்கும் சுரத்திற்கேற்ப உடல் நெடுகிலும் உள்ள வெவ்வேறு துளைகள் வழியாக வெளிவருகிறது. எனவே ஒரே ஒரு மைக்கை எங்கே வைத்தாலும் சில சுரங்கள் உரக்கவும் சில சுரங்கள் தொலைவிலும் கேட்கும். அருகில் டிரம்ஸ் வாசித்தால் அந்த மைக்கில் பசூனைவிடச் சிம்பல்களே அதிகம் விழும். அதனால்தான் உரத்த குழுக்களில் வாசிக்கும் பலர், நாணலைச் செருகும் வளைந்த உலோகக்குழாயிலேயே ஒலிவாங்கியைப் பொருத்திக்கொள்கிறார்கள். அப்போது ஒலி கேட்கும், ஆனால் மரத்தின் மணம் போய்விடும். நால்வர் குழுவில் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டு நானே என் ஒலியைக் கூட்டிக் குறைக்கிறேன். டிரம்ஸோடு வாசிக்கும்போது அந்த வேலையை ஒலிப்பொறியாளர் செய்கிறார். உண்மையான மாற்றம் நிகழும் இடம் அதுதான். ஆனால் அது மைக்கின் விளைவு, டிரம்ஸின் குற்றம் அல்ல.

பழையதட்டு:
கருவி வாசிப்பவரே வந்து என் வாதத்தை உறுதிப்படுத்திவிட்டார். இனி என்ன வேண்டும்?

இரட்டைநாணல்:
என் கடைசி வாக்கியத்தை வாசித்தீர்களா?

பழையதட்டு:
வாசித்தேன். மைக் எதனால் தேவைப்பட்டது? டிரம்ஸால். முடிந்தது.

செல்லோபித்தன்:
முடியவில்லை. டெனியின் டிரம்ஸ் என்ன செய்கிறது என்பதைக் காதுகொடுத்துக் கேட்காமல், அது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எட்டிப்பார்ப்பது காவலாளியின் வேலை, ரசிகரின் வேலையல்ல. 1981இல் வந்த தட்டின் தொடக்கப் படைப்பான 'டான்ஸ்' (Dense) இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டிரம்ஸ் அங்கே பின்னணியில் நின்று தாளத்தைக் காத்துக்கொண்டிருப்பதில்லை. பல இடங்களில் மற்ற கருவிகள் வாசிக்கும் அதே சொற்கட்டைத் தானும் வாசிக்கிறது, அவை நிறுத்தும் இடத்தில் தானும் நிறுத்துகிறது. அதாவது, அது ஒரு குரல். நால்வர் குழுவில் வியோலாவுக்கு உள்ள இடத்தை இந்தக் குழுவில் டிரம்ஸ் எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் ஹென்றி கௌ குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1974இல் லிண்ட்ஸே கூப்பர் பசூனோடும் ஓபோவோடும் வந்து சேர்ந்த பிறகு, கிரிஸ் கட்லரின் டிரம்ஸ் அவரோடு உரையாடத்தான் செய்தது, அவரை மிதிக்கவில்லை. இவர்கள் எல்லோரும், பிரான்ஸின் ஆர்ட் ஸாய்ட் குழுவும் உட்பட, 1978 மார்ச்சில் லண்டனில் 'ராக் இன் ஆப்போசிஷன்' என்ற பெயரில் ஒரே மேடையில் கூடியது சும்மா அல்ல.

பழையதட்டு:
ஆர்ட் ஸாய்ட் அந்த மேடையில் இல்லை. 1978 மார்ச் 12 அன்று நியூ லண்டன் தியேட்டரில் வாசித்தவை ஐந்து குழுக்கள்: இங்கிலாந்தின் ஹென்றி கௌ, இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ், ஸ்வீடனின் சம்லா மம்மாஸ் மன்னா, பிரான்ஸின் எட்ரான் ஃபூ லெலூப்லான், பெல்ஜியத்தின் யூனிவேர் ஜீரோ. ஆர்ட் ஸாய்ட் பின்னால், ஆர்ட் பேர்ஸ், அக்சாக் மபூல் ஆகிய குழுக்களோடு சேர்ந்துகொண்டது. அடிப்படை வரலாறே தெரியாதவர் எனக்கு வியோலாவின் இடத்தைக் கற்பிக்கிறார். இன்னொன்று: அந்த ஐந்து குழுக்களையும் இணைத்தது சேம்பர் இசை அல்ல. இசைத்தட்டு நிறுவனங்கள் தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம் அவர்களை இணைத்தது. எட்ரான் ஃபூவைக் கேட்டுவிட்டு அதையும் சேம்பர் என்பீர்களா?

செல்லோபித்தன்:
ஆர்ட் ஸாய்ட் எந்த மாதம் சேர்ந்தது என்பதால் என் வாதத்தில் ஒரு செங்கல்லும் பெயரவில்லை. சொல்லப்போனால் அந்தப் பெயரை நீங்களே மறுபடியும் எடுத்தது நல்லதாகப் போயிற்று. வயலின், செல்லோ, டிரம்பெட், பேஸ் கிதார் என்று அமைந்த அந்தக் குழுவின் முதல் தட்டில் தனியாக டிரம்ஸ் வாசிப்பவரே கிடையாது. ஆயினும் பேஸ் கிதாரும் வில்லும் சேர்ந்து எழுப்பும் தாக்கம் எந்த ராக் குழுவுக்கும் குறைந்ததல்ல. இதையாவது சேம்பர் என்று ஒப்புக்கொள்வீர்களா?

பழையதட்டு:
டிரம்ஸ் இல்லாத குழு சேம்பருக்கு அருகில் வருகிறது என்று நீங்களே எழுதிக்கொடுத்ததற்கு நன்றி.

ஏழரைமாத்திரை:
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு என்ன பேசுவது! சரி, அரானிஸ் குழுவைப் பார்ப்போம். அதுவும் பெல்ஜியம்தான், டபுள் பேஸ் வாசிக்கும் யோரிஸ் வான்வின்கன்ராய் இசையமைத்தார். அக்கார்டியன், வயலின், புல்லாங்குழல், பியானோ ஆகியவற்றோடு, டிரம்ஸ் இல்லாமலேயே முதல் தட்டுகளைப் பதிவுசெய்தார்கள். பிற்பாடு டேவ் கெர்மன் டிரம்ஸ் வாசிக்க வந்தார். இசையமைப்பவர் அதே யோரிஸ்தான், எழுதும் முறை அதேதான். உங்கள் கணக்கின்படி கெர்மன் அரங்கில் நுழைந்த நிமிடத்தில் அத்தனை பேரும் ராக் கலைஞர்களாக மாறிவிட்டார்களா? அவர் தண்ணீர் குடிக்க வெளியே போனால் மறுபடியும் சேம்பரா?

பழையதட்டு:
ஆம்.

இரட்டைநாணல்:
இந்த 'ஆம்' எந்தக் கேள்விக்கு?

பழையதட்டு:
இரண்டுக்கும். இப்போது நான் கேட்கிறேன். செவ்வியல் இசையை ராக்கில் கலப்பது என்றால் எமர்சன், லேக் அண்ட் பால்மர் 1971இல் நியூகாசில் நகர மண்டபத்தில் செய்தது கலப்பு. முசோர்க்ஸ்கி 1874இல் தனிப் பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சி ஓவியங்கள்' மூவர் கைகளில் எப்படி எரிந்தது என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள் தங்களைச் சேம்பர் இசைக்குழு என்று சொல்லித் திரியவில்லை. ராக் என்றே சொல்லிக்கொண்டார்கள். அந்த நேர்மை பிடிக்கும் எனக்கு.

செல்லோபித்தன்:
எரிந்தது என்பது சரியான சொல்தான். பார்டோக்கின் 'அல்லேக்ரோ பார்பரோ'வை எடுத்துத் தங்கள் முதல் தட்டில் வைத்துவிட்டு, முதல் பதிப்புகளில் அவர் பெயரைக் குறிப்பிட மறந்தவர்களின் நேர்மையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உரக்க வாசிப்பதையும் ஊடுருவி எழுதுவதையும் வேறுபடுத்தத் தெரியாதவர்களுக்கு ஜென்டில் ஜயண்ட் குழுவின் 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' புரியாது. ராயல் அகாடமியில் இசையமைப்பு பயின்ற கெரி மினியர், 1975இல் நான்கு குரல்களை, ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் ஃபியூக் முறையில் பின்னியிருக்கிறார்.

பழையதட்டு:
அந்தப் பாடலில் டிரம்ஸ் வருகிறது.

செல்லோபித்தன்:
தொடக்கத்தில் வருவதில்லை!

பழையதட்டு:
வருகிறதா, இல்லையா?

ஏழரைமாத்திரை:
1969இல் முதல் தட்டை வெளியிட்ட தர்ட் இயர் பேண்ட் குழுவில் ஓபோ, வியோலா, செல்லோ. அவற்றோடு கிளென் ஸ்வீனி கையால் தட்டும் பறைகள். அது எந்தக் கணக்கில் சேரும்?

பழையதட்டு:
கையால் தட்டுவது டிரம்ஸ் அல்ல. தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏழரைமாத்திரை:
ஆக, டெனி தன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அதே சொற்கட்டை உள்ளங்கையால் தட்டியிருந்தால் 'எரெஸி' சேம்பர் இசையாகியிருக்கும். குறித்துக்கொண்டேன்.

புதுச்செவி:
எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தேன்.

பழையதட்டு:
குறித்துக்கொள்ளுங்கள்; கூடவே மெலட்ரான் விவாதத்தில் பாக்கி வைத்திருக்கும் பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றும் கேள்வியைத் திருப்பிப்போட்டுவிட்டு நழுவினீர்கள். டெனி கையால் தட்டவில்லை, குச்சியால்தான் அடித்தார், அடித்தது டிரம்ஸ். செல்லோபித்தன் அந்த வரியைத் திருத்தி எழுதும்வரை நான் இதையே சொல்லிக்கொண்டிருப்பேன்.

செல்லோபித்தன்:
அந்த வரி அப்படியேதான் இருக்கும். நாளை 'லா ஃபோ' பற்றித் தனியாக எழுதுகிறேன். அதில் டெனியை ஐந்தாவது சேம்பர் கலைஞர் என்றே குறிப்பிடப்போகிறேன்.