புதுப்பிப்பு: சவன்னாவில் அரிய இனமும் அரிய பண்பும்

சவன்னாத் (மரங்கள் ஆங்காங்கே நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளி) தாவரக் கூட்டங்களில் எண்ணிக்கையில் குறைந்த இனங்களே, உயரம், தீயைத் தாங்கும் திறன் போன்ற பண்புகளிலும் தனித்து நிற்கின்றனவா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். மறுமொழிகளைப் படித்தபின் இதைச் சேர்க்கிறேன். எண்ணிக்கையில் அரிதாயிருப்பதும் பண்பில் அரிதாயிருப்பதும் எப்போதும் சேர்ந்தே வருபவை அல்ல என்பதே என் கருத்து.

ஆப்பிரிக்கச் சவன்னாக்களில் பரந்து கிடக்கும் தெமெடா டிரையாண்ட்ரா புல், மேற்பகுதி முழுதும் எரிந்தாலும் தரையை ஒட்டிய மொட்டுகளிலிருந்து மீண்டும் தழைக்கிறது. தீயும் மேய்ச்சலும் நெடுங்காலம் இல்லாவிட்டாலோ, தன் காய்ந்த தாள்களின் நிழலிலேயே நலிகிறது. தீயைத் தாங்கித் தழைக்கும் இதே பண்பு அரிய புற்கள் பலவற்றுக்கும் உண்டு என்பதால், அவை அரிதாயிருப்பதற்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். மாறாக, தண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு சிறு கிளைகளை மட்டும் வெளியே நீட்டும் ‘நிலத்தடி மரங்கள்’, பண்பில் வெகுவாக விலகியவையாயினும், அடிக்கடி எரியும் அங்கோலா, ஜாம்பியா புல்வெளிகளில் திரளாக வளர்கின்றன.

கணக்கிடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. பண்புத் தனித்தன்மையை, அதாவது ஓர் இனம் பண்புகளில் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை, இனங்களின் மிகுதியால் எடையிட்டால் (எண்ணிக்கையில் மிகுந்த இனத்துக்குக் கணக்கில் கூடுதல் பங்கு கொடுத்தால்), ஓங்கிய இனம் அதனாலேயே சாதாரணமானதாகத் தோன்றக்கூடும். ஆகவே எடையின்றியும் ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல் வெவ்வேறு இடைவெளிகளில் எரிக்கப்பட்டுவரும் சோதனைத் திடல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.