புதுப்பிப்பு: தங்கையின் பட்டமளிப்பு விருந்தில் என்ன போட்டோம்

தங்கை பட்டம் வாங்கியதற்கு மொட்டைமாடியில் 40 பேருக்கு விருந்து, எளிதாகவும் எல்லோருக்கும் பிடித்ததாகவும் என்ன போடலாம் என்று கேட்டிருந்தேனே, நல்லபடியாக முடிந்தது. நிறையப் பேர் சொன்ன காய்கறி பிரியாணியையே வைத்துக்கொண்டோம். கிலோவுக்குப் பத்துப் பேர் கணக்கில் சீரகச் சம்பா 4 கிலோ. தம்மைத் திறந்ததும் புதினா மணம் மாடிப்படி வரை வந்தது.

வெங்காயப் பச்சடியைப் பரிமாறும் நேரத்தில்தான் கலந்தோம்; முன்பே கலந்தால் நீர்த்துவிடும். தயிர்சாதம் பெரியவர்களுக்காகச் செய்தது. வெயிலில் புளிக்காமலிருக்க, சாதத்தைப் பாலில் குழையப் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் சேர்த்து, மாதுளை தூவினாள் அம்மா. முதலில் காலியானது அதுதான், அதுவும் தங்கையின் தோழிகளால்!

பானிபூரி வேண்டாமென்று விட்டோம். ஒருவர் நின்று போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அப்புறம் அவர் எப்போது சாப்பிடுவது? குலோப் ஜாமூன் கடையில் வாங்கியது. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.